இது ரூம் கொடுக்கிற கணக்கு இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

வரப்போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு மும்பையில் நம் தமிழ் ஆட்கள் வாழும் பகுதிகளை மாநகராட்சி எப்படித் தயார்செய்ய வேண்டும் என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 2001-லும் 2011-லும் தாராவியில் கணக்கெடுக்கப் போனவர்களில் ஒருத்தி. அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசப் போகிறேன்.

தாராவியில் எத்தனை பேர் இருக்கிறோம்? ஆறு லட்சம் என்பார் ஒருவர், பத்து லட்சம் என்பார் இன்னொருவர். சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டர் இடம். அதில் நான்கு லட்சம் பேர் கூட இருக்கலாம், குறைய இருக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர்க் குழாயும் பொதுக் கழிப்பறையும் மருந்தகமும் எத்தனை வேண்டும் என்று அப்புறம் எப்படித் தீர்மானிப்பது? 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. 2011-இல் நான் பெயர் எழுதிக்கொண்ட கைக்குழந்தைகள் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது இன்னும் அந்தப் பழைய கணக்குதான்.

இந்த முறை இரண்டு கட்டம். வீடுகளைப் பட்டியலிடுவது 2026 ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு மாதம். ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில். மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு 12 மணிதான் நாட்டின் பெரும்பகுதிக்குக் கணக்கு நேரம். சுதந்திர இந்தியாவின் சென்சஸில் முதல்முறையாக எல்லோருடைய சாதியும் கேட்கப்படும். காகிதப் படிவம் போய், கைபேசிச் செயலி வந்துவிட்டது.

கணக்கெடுப்பு மத்திய அரசின் வேலை என்று நினைக்கிறோம். சட்டம் அவர்களுடையது, நடப்பது உள்ளாட்சியின் கால்களால். 1948-ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 4-ஏ பிரிவின்படி, எழுதிக் கேட்டால் உள்ளாட்சி அமைப்பு தன் ஊழியர்களைக் கொடுத்தே ஆக வேண்டும். மாநகராட்சிப் பகுதியில் ஆணையர்தான் முதன்மைக் கணக்கெடுப்பு அதிகாரி. அவருக்குக் கீழே ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான சார்ஜ் ஆபீசர்கள், ஆறு கணக்கெடுப்பாளருக்கு ஒரு மேற்பார்வையாளர், கடைசியில் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு பள்ளி ஆசிரியர் அல்லது மாநகராட்சி ஊழியர். அந்த ஆசிரியருக்குக் கதவு திறக்குமா, திறந்தால் உண்மை வருமா என்பதை, அவர் வருவதற்குப் பல வாரங்களுக்கு முன் வார்டு ஆபீஸ் செய்த வேலைதான் தீர்மானிக்கிறது.

'நாம் எல்லோரும் எண்ணப்பட வேண்டும்' என்று சுவரொட்டி ஒட்டுவார்கள், தொலைக்காட்சியில் விளம்பரம் வரும். வரட்டும், நல்லதுதான். ஆனால் தாராவியில் முதலில் சொல்ல வேண்டிய செய்தி வேறு. இந்தக் கணக்கு எதற்கு இல்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

2011-இல் வீடு வீடாகப் போனபோது என்னை அதிகம் பேர் கேட்ட கேள்வி இது: "டீச்சர், இது ரூம் கொடுக்கிற கணக்கா?" ரூம் என்றால் குடிசைக்குப் பதிலாகக் கிடைக்கும் வீடு. கேட்டவர்களைக் குறை சொல்லவே முடியாது. 1976-இல் மகாராஷ்டிர அரசு மும்பையின் குடிசைகளை எண்ணியது. அப்போது எண்ணப்பட்டவர்களுக்கு போட்டோ பாஸ், அதாவது படம் ஒட்டிய அடையாள அட்டை, கிடைத்தது. அந்தப் பாஸை இரும்புப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிய குடும்பங்கள் எத்தனையோ. அன்றிலிருந்து, கணக்கெடுக்க ஆள் வந்தால் வீட்டில் இருக்க வேண்டும், பெயர் விடுபட்டால் போச்சு என்பது இங்கே ஊறிப்போன பாடம். 2024-இல் தாராவி மறுசீரமைப்புக்கான சர்வே தொடங்கியது. கல்லிக்குள், அதாவது சந்துக்குள், டேப்லெட்டோடு ஆள் வந்தார்கள், கதவில் எண் எழுதினார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே இலவச வீடு, மாடியில் இருப்பவர்களுக்கு வேறு ஏற்பாடு என்று விதி. சென்சஸ்காரரும் அதேபோல ஒரு கருவியோடுதான் வருகிறார். அவரும் கதவில் எண் போடுகிறார். அவரும் "மேலே யார் இருக்கிறார்கள்?" என்றுதான் கேட்கிறார். வித்தியாசம் எப்படித் தெரியும்?

வீட்டுக்காரர் பயந்து, மாடியில் வாடகைக்கு இருப்பவரைச் சொல்ல மாட்டார். வாடகைக்காரரும் வாயைத் திறக்க மாட்டார். சென்சஸ் கணக்கில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். மாடியில் தனி அடுப்பு எரிந்தால் அது தனிக் குடும்பம். அந்தக் குடும்பம் அப்படியே காணாமல் போகிறது.

இதற்கான பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 15-ஆம் பிரிவு: சென்சஸில் எழுதியதை வேறு யாரும் பார்க்க உரிமை கிடையாது, சிவில் வழக்கு எதிலும் அது சாட்சியாகச் செல்லாது. மாடியில் வாடகைக்காரர் இருக்கிறார் என்று சொன்னால் அதை வைத்து உங்கள் வீட்டை யாரும் பறிக்க முடியாது. அதேபோல, சென்சஸில் பெயர் இருக்கிறது என்று காட்டி வீடு கேட்கவும் முடியாது. இரண்டாவது பாதியையும் சொல்லியாக வேண்டும். ஆள் சேர்வதற்காகப் பொய் நம்பிக்கை கொடுத்தால், அடுத்த முறை அந்தக் கல்லியில் யாருமே கதவைத் திறக்க மாட்டார்கள். வார்டு ஆபீஸ் இந்த இரண்டு வரியையும் தமிழில், மராட்டியில், இந்தியில், உருதுவில் அச்சடித்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, யார் கொண்டுபோய்க் கொடுப்பது? 2020-ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி. மாநகராட்சி வீடு வீடாகச் சோதிக்கத் தொடங்கியபோது, இங்கேயே பல ஆண்டுகளாகக் கிளினிக் வைத்திருந்த தனியார் டாக்டர்களையும் சேர்த்துக்கொண்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடுகிற அதே டாக்டர் வாசலில் நின்றதும் மக்கள் கதவைத் திறந்தார்கள். அந்த ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டிப் பேசினார். சொட்டு மருந்து கொடுக்க வரும் சுகாதாரத் தொண்டர்கள், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள், கோயில் கமிட்டி, சர்ச், பள்ளிவாசல், மகளிர் குழு, ஊர்ச் சங்கங்கள் என்று கல்லிக்குத் தெரிந்த முகங்கள் இருக்கின்றன. மாநகராட்சியைச் சுமார் நான்கு ஆண்டு அரசு நியமித்த நிர்வாகி நடத்திய பிறகு, 2026 ஜனவரியில் தேர்தல் நடந்து நகரசேவகர்களும் (கவுன்சிலர்களும்) வந்துவிட்டார்கள். அவர்கள் கூட்டம் போட்டு எடுத்துச் சொல்லட்டும். கணக்கெடுப்பாளரோடு சேர்ந்து வாசலுக்கு மட்டும் எந்தக் கட்சிக்காரரும் வரக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அப்புறம் நேரம். தாராவியில் இட்லி போடும் குடும்பங்கள் விடியுமுன்னே எழுந்து வேலையைத் தொடங்குகிறவர்கள். காலையில் ஆண்கள் பாத்திரத்தோடு நகரம் முழுக்கப் போய்விடுவார்கள். மத்தியானம் வீடே அசந்து தூங்கும். அந்த நேரத்தில் கதவைத் தட்டிவிட்டு 'பூட்டிய வீடு' என்று எழுதினால் அது யார் தவறு? தோல் பட்டறையிலும் தையல் கூடத்திலும் வேலை செய்து அங்கேயே படுத்துக்கொள்ளும் பீகார், உத்தரப் பிரதேசப் பையன்களுக்கு இரவு ஒன்பதுக்கு மேல்தான் பேச நேரம். முதலாளியோ ஆள் கணக்கைக் குறைத்துச் சொல்வார். வார்டு ஆபீஸ் பட்டறை முதலாளிகளை முன்கூட்டியே கூப்பிட்டு, இதற்கும் தொழிலாளர் சட்டச் சோதனைக்கும் சம்பந்தமில்லை என்று நேருக்கு நேர் சொல்ல வேண்டும்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இருபது வருடம் மும்பையில் இருந்தும் ரேஷன் கார்டு திருநெல்வேலியில், ஓட்டு ஊரில். "நம்ம பேரு ஊர்லதானே இருக்கணும்?" என்று கேட்பார்கள். ஊரில் இருக்கும் அம்மா, வீட்டுக்கு வந்தவரிடம் மும்பைப் பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுவார், பாசத்தில். தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் திருத்தம் நடந்து பெயர் போய்விடுமோ என்று பதறிய பிறகு இந்தப் பயம் கூடியிருக்கிறது. வாக்காளர் பட்டியல் வேறு, இது வேறு. வழக்கமாக எங்கே வாழ்கிறீர்களோ அங்கே ஒரு தடவை, அவ்வளவுதான். மும்பையில் சொன்னதால் ஊரில் ஓட்டும் போகாது, கார்டும் போகாது. ஊருக்குப் போன் போடும்போது அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

தாய்மொழி கேட்கும்போது, சிறுவயதில் அம்மா உங்களிடம் பேசியது தமிழ் என்றால் தயங்காமல் தமிழ் என்று சொல்லுங்கள். மராட்டி என்று சொன்னால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். நீங்கள் சொல்வதைத்தான் எழுத வேண்டும். மாற்றி எழுதக் கணக்கெடுப்பாளருக்கு அதிகாரம் இல்லை. மாநகராட்சியில் தமிழ்ப் பள்ளி வேண்டும் என்று கேட்கப் போகிறவர்கள் நாம்தானே.

சாதிக் கேள்வி பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை இருக்கிறது. நம் கல்லியில் இரண்டு பேர் எதிரெதிரே நடக்க முடியாது. வாசலில் நின்று கேட்டால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். சாதி சொல்ல வாய் வராமல் மக்கள் ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கணக்கெடுப்பாளர் உள்ளே வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்க வேண்டும். பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், மக்களும் "உள்ள வாங்க டீச்சர்" என்று கூப்பிட வேண்டும்.

கைபேசி வைத்திருக்கும் பிள்ளைகள் தாங்களே இணையத்தில் நிரப்பலாம், தமிழிலும் நிரப்பலாம். முடித்ததும் ஓர் எண் வரும். அதைக் குறித்து வைத்து, ஆள் வரும்போது காட்டினால் போதும். வாசலில் வருபவருக்கு எந்தச் சான்றிதழும் காட்ட வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு விவரம் கேட்பவரும், போனில் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்பவரும் சென்சஸ்காரர் அல்ல.

வீடே இல்லாதவர்களைக் கடைசியில், ஒரே இரவில் எண்ணுவார்கள். 2011-இல் அது பிப்ரவரி 28 இரவு. நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் கணக்கில் வந்தார்கள். சயான் பக்கம் மேம்பாலத்தடியில் படுப்பவர்கள் எந்த மூலையில் படுப்பார்கள் என்று வார்டு ஆபீசுக்குத் தெரியாமல் இருக்கலாம். அங்கே டீக்கடை வைத்திருக்கும் நம் அண்ணன்களுக்குத் தெரியும்.

சங்கத்துக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிப்ரவரிக்குக் காத்திருக்காமல் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தக் கல்லி, எத்தனை மணிக்கு ஆள் இருப்பார்கள், என்ன மொழி பேசுவார்கள், எந்தப் பட்டறையில் ஆட்கள் தங்குகிறார்கள், வெளியில் படுப்பவர்கள் எங்கே. பெயர்கள் வேண்டாம். அதை வார்டு ஆபீஸில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.