இளநிலை வகுப்பிலேயே ஆராய்ச்சி: வேதியியல் மாணவர்களுக்கு ஓர் அழைப்பு

முதல்வர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

வேதியியல் மன்றத்தைத் தொடங்கி வைக்கும் இந்த வேளையில், இளநிலை படிக்கும்போதே ஆராய்ச்சியில் ஈடுபட முடியுமா, அதற்கு எங்கெல்லாம் இடமிருக்கிறது என்பதைப் பற்றிப் பேசுமாறு துறையினர் கேட்டுக்கொண்டார்கள். முடியும் என்பதோடு, முதுநிலை வரட்டும் என்று தள்ளிப்போடுவது மாணவருக்குப் பெரும் இழப்பு என்பதும் என் உறுதியான கருத்து.

நம் செய்முறை வகுப்பை எண்ணிப் பாருங்கள். உங்களுக்குத் தரப்படும் உப்பு எதுவென்று ஆசிரியருக்குத் தெரியும். கரைசலை அளந்து சொட்டவிடும் பியூரெட் குழாயில் எத்தனை மில்லிலிட்டர் வர வேண்டும் என்பதும் தெரியும். விடை முன்பே இருப்பதால், நம் அளவு அதனோடு ஒத்துப்போகாவிட்டால் அளவைத் திருத்தி எழுதவே கை போகிறது. அந்த வகுப்பு கைப்பழக்கத்தைத் தருகிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, கிடைத்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்கும் பயிற்சியை அது தருவதில்லை. ஆராய்ச்சியில் முதலில் பழக வேண்டியது அந்தச் சந்தேகம்தான்.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள ஓபர்லின் கல்லூரியில் படித்தவர் சார்லஸ் மார்ட்டின் ஹால். ஹால் மாணவராக இருந்தபோதே, அவருடைய ஆசிரியர் ஜூவெட் அவரை அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முயற்சியின் பக்கம் திருப்பினார். பட்டம் பெற்ற மறு ஆண்டு, உருகிய கிரையோலைட் என்னும் கனிமத்தில் அலுமினாவை, அதாவது அலுமினிய ஆக்சைடைக் கரைத்து, வீட்டை ஒட்டிய கொட்டகையில் அதில் மின்சாரம் பாய்ச்சி மின்னாற்பகுப்பு செய்தார் ஹால். முதலில் அலுமினியம் கிடைக்கவில்லை. பொருளை உருக்கும் பாத்திரமான களிமண் மூசையில் இருந்த சிலிக்கேட்டே கரைந்து சோதனையைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, மூசையின் உட்புறத்திற்குக் கரிப் பூச்சுக் கொடுத்தபோது, 1886 பிப்ரவரி 23 அன்று உலோகம் திரண்டது. அதே கல்லூரியில் வேதியியல் பயின்ற அவருடைய அக்காள் ஜூலியா, சோதனைகள் நடந்த வரிசையை எழுதி வைத்தார். பின்னாளில் காப்புரிமைத் தகராறு எழுந்தபோது அவருடைய சாட்சியம் துணை நின்றது. நாள் குறித்து எழுதிய ஆய்வக நோட்டு எதற்கு உதவும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். தருமபுரி மாவட்டத்தில் அமர்ந்துகொண்டு ஆராய்ச்சிக்கு என்ன செய்வது என்று ஒரு வேதியியல் மாணவர் கேட்க வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பல்லில் பழுப்புக் கறையும் எலும்புப் பாதிப்பும் வந்த ஊர்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்பாட்டுக்கு வந்ததற்குக் காரணமே இதுதான். ஆயினும் ஆழ்துளைக் கிணற்று நீரின் பயன்பாடு நின்றுவிடவில்லை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு. வேறு நீரே இல்லாதபோது 1.5 வரை ஏற்கலாம். உங்கள் தெருக் கிணற்றில் எவ்வளவு இருக்கிறது?

இதை அளக்கக் கோடி ரூபாய்க் கருவி தேவையில்லை. சிர்க்கோனியம் என்னும் உலோகத்தின் உப்போடு ஸ்பாட்ன்ஸ் சாயத்தைச் சேர்த்த செந்நிறக் கரைசலில் புளோரைடு சேர்ந்தால், அது சிர்க்கோனியத்தைத் தன்வசப்படுத்திக்கொள்கிறது; நிறம் வெளிறுகிறது. எவ்வளவு வெளிறியது என்பதை கரைசல் உறிஞ்சும் ஒளியை அளக்கும் நிறமாலைமானி 570 நானோமீட்டர் அலைநீளத்தில் சொல்லிவிடும். இதுவரை எல்லாம் எளிது. ஆனால் நீரில் அலுமினியம் இருந்தால் புளோரைடு குறைவாகத் தெரியும். பாஸ்பேட் இருந்தால் கூடுதலாகத் தெரியும். குழாய்நீரில் எஞ்சியிருக்கும் குளோரின் சாயத்தையே வெளுக்கச் செய்யும். நீரைக் கண்ணாடிப் புட்டியில் வைக்காமல் பாலித்தீன் புட்டியில் எடுப்பதே முறை, ஏனெனில் புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடியது. ஹாலின் மூசையைப் போலவே இங்கும் பாத்திரத்தை ஐயுற வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். கால்சியம் மிகுந்த நீரில் கால்சியம் புளோரைடு எளிதில் கரைவதில்லை என்பதால், புளோரைடு மிகுந்த கிணறுகளில் கால்சியம் பெரும்பாலும் குறைந்திருக்கும். கால்சியத்தை அளக்க, இ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளின் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பார்க்கும் தரம்பார்த்தல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தேர்வுக்காகக் கற்ற அந்தச் செய்முறை, ஓர் ஊரின் கிணறுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவியாகிவிடும்.

கல்லூரிக்கு வெளியேயும் வாய்ப்புகள் உண்டு. பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை, மாணவரை இரண்டு மாதங்கள் ஓர் ஆய்வாளரிடம் அனுப்பிவைக்கிறது. ஆசிரியர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதை நம் பேராசிரியர்களுக்கு அன்போடு நினைவூட்டுகிறேன். பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், இளநிலை வேதியியல் மாணவர்களுக்கென்றே ஒரு திட்டத்தை நடத்தி, அவர்களைத் தொடர்ந்து பல கோடைகளில் தன் ஆய்வகங்களில் பழக்குகிறது. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை பெறுவோருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாயில் 20,000 ரூபாய் கோடைக்கால ஆய்வுப் பணிக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதை வெறும் அறிக்கையோடு முடித்துக்கொள்வது வருத்தத்திற்குரியது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும், சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் நாம் பேருந்தில் போய்ச் சேரக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன. நம்மிடம் இல்லாத கருவிகளுக்காக, சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள பகுப்பாய்வுக் கருவி மையத்திற்குக் கட்டணம் செலுத்தி மாதிரிகளை அனுப்பலாம்.

பேராசிரியர் ஒருவருக்கு எழுதும்போது, "ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் உண்டு" என்ற ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் புரிந்தது என்ன, புரியாதது எது என்று நான்கு வரி எழுதுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடும் இதழ்களின் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள்.

மாணவியர் சிலர் இடம் கிடைத்தும் போகாமல் நின்றுவிடுகிறார்கள். மகளை இரண்டு மாதம் வெளியூரில் விடப் பெற்றோர் தயங்குவதில் வியப்பில்லை. வழிகாட்டி யார், விடுதி எங்கே, யாரோடு தங்குவாள் என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்டறிந்து, துறைத் தலைவரே பெற்றோரை அழைத்துப் பேசினால் அந்தத் தயக்கத்தில் பெரும்பகுதி நீங்கும். இதையும் துறையின் பணியாகவே கருத வேண்டுகிறேன்.

முதல்வர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை பிற்பகல்களில் இரண்டாமாண்டு மாணவர்களுக்காக ஆய்வகத்தைத் திறந்துவைக்க அனுமதி தாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு முறையும், மழை ஓய்ந்து நிலத்தடி நீர் ஊறிய பின் ஒரு முறையும் அதே கிணறுகளிலிருந்து நீர் எடுக்க வேண்டும். ஆகவே செப்டம்பருக்குள் புட்டிகளும் கிணறுகளின் பட்டியலும் ஆயத்தமாகிவிட்டால் இந்த ஆண்டே பணியைத் தொடங்கிவிடலாம்.