கொலை நடந்த பொம்மை வீடும் அம்மாச்சியின் திண்ணையும்: மார்கழிக்கு ஒரு புதுக் கிறுக்கு

(இருட்டு. டார்ச் வெளிச்சம் மெதுவாக நகர்கிறது.)

ஒரு சமையலறை. பாத்திரம் கழுவும் தொட்டியில் பாதி தோல் சீவிய உருளைக்கிழங்கு. தரையில் ஒரு பெண் விழுந்து கிடக்கிறாள். கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது. தற்கொலையா, கொலையா? சுற்றி நிற்கும் போலீஸ்காரர்கள் யாரும் உள்ளே போகவில்லை. போகவும் முடியாது. அந்தப் பெண்ணின் உயரமே உங்கள் கையில் இருக்கும் போன் அளவுதான்.

(விளக்கு எரிகிறது.)

வணக்கம் மக்களே. பயப்படாதீர்கள், நம் சேனல் க்ரைம் சேனலாக மாறிவிடவில்லை. நீங்கள் பார்த்தது ஒரு பொம்மை வீடு. அமெரிக்காவில் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்கிற அம்மா 1940களில் இந்த மாதிரி அறைகளைச் செய்தார். குழந்தைகள் விளையாட அல்ல, துப்பறிகிறவர்களுக்குப் பாடம் நடத்த. ஹார்வர்டில் நடந்த பயிற்சியில் போலீஸ்காரர்கள் இவற்றின் முன்னால் உட்கார்ந்து தடயம் தேடினார்கள். பொம்மை போட்டிருக்கும் காலுறையைக்கூட அந்த அம்மா குண்டூசி கனத்தில் இருந்த ஊசிகளை வைத்துப் பின்னியிருக்கிறார். 18 அறைகள் இன்றும் பால்டிமோர் நகரத்தில், மரண விசாரணை செய்யும் மருத்துவ அலுவலகத்தில் இருக்கின்றன. இன்னமும் பயிற்சிக்குப் பயன்படுகின்றன. அதனால் விடையை வெளியே சொல்வதில்லை. கமெண்டில் என்னிடம் கேட்டும் பயன் இல்லை.

சரி, கொலைக்காக வந்தவர்கள் ஒரு லைக்கைப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். மீதிப் பேருக்கு ஒரு கேள்வி. பனி கொட்டும் ஊர்களில் குளிர்காலம் வந்தால் வெளியே போக முடியாது, வீட்டுக்குள் உட்கார்ந்து பொம்மை வீடு கட்டுகிறார்கள். நமக்கு எதற்கு அது? மதுரையில் குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. இருபது டிகிரி வந்ததும் மப்ளரைத் தேடுகிற ஊர் இது. ஆனால் மார்கழியில் பொம்மை வீடு கட்டுங்கள் என்று நான் சொல்லக் காரணம் குளிர் இல்லை, ஃபேன். போன மே மாதம் அட்டையில் குட்டி குட்டியாக அறுபது ஓடு வெட்டி, காவி பூசி, மேசையில் வரிசையாகக் காயவைத்தேன். வேர்த்துக் கொட்டுகிறதே என்று ஃபேனைப் போட்டேன். அவ்வளவுதான். ஒரு ஓடு சாம்பாரில், நாலு ஓடு பூனையின் வாலில், மற்றதெல்லாம் கட்டிலுக்கு அடியில். மதுரையில் ஃபேனை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரக்கூடிய சீசன் ஒன்றே ஒன்றுதான். மார்கழி பிறந்தால் தொடங்கி, தை கடைசி வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை சரிப்படாது. அடைமழை ஈரத்தில் அட்டை அப்பளம் மாதிரி வளையும், ஃபெவிகால் மறுநாள் காலையிலும் பிசுபிசுக்கும்.

இப்போது வரலாறு. பத்து விநாடி, கொட்டாவி விடுவதற்குள் முடித்துவிடுகிறேன். 1550களின் கடைசியில் பவேரியாவில் ஒரு பிரபு செய்யச் சொன்ன வீடுதான் நமக்குத் தெரிந்த முதல் பெரிய பொம்மை வீடு. அடுத்த நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் பணக்காரப் பெண்கள் அலமாரிக்குள் வெள்ளிச் சாமான், பீங்கான் என்று அடுக்கினார்கள். அதெல்லாம் குழந்தைகள் தொடவே கூடாத வீடுகள். முடிந்தது வரலாறு.

வெள்ளைக்காரன் விளையாட்டு நமக்கெதற்கு என்று யாராவது கேட்பீர்கள். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். பொம்மை வீட்டுக்குத் தமிழில் தனியாக ஒரு சொல்லே உண்டு: சிற்றில். சிறு இல். தெருவில் பெண் பிள்ளைகள் மணலில் வீடு கட்டுவதும், ஒரு பையன் வந்து காலால் கலைப்பதும் சங்கப் பாட்டிலேயே வந்துவிட்டது. பிள்ளைத்தமிழில் ஆண் பிள்ளைக்குப் பாடும் பத்துப் பருவத்தில் ஒன்றுக்குப் பெயரே சிற்றில்தான். "எங்கள் வீட்டை இடித்துவிடாதே" என்று கெஞ்சுவதற்கென்று ஒரு பருவத்தையே ஒதுக்கியிருக்கிறார்கள், பாருங்கள். என் வீட்டில் அந்த வேலையை என் தம்பி செய்கிறான். அவனை யாரும் பாடவில்லை.

அப்புறம் கொலு. படிக்குப் பக்கத்தில் கடுகு முளைக்கவைத்து, பூங்கா போட்டு, கண்ணாடித் துண்டில் குளம் காட்டாத வீடு உண்டா? திருப்பரங்குன்றம் பக்கத்தில் விளாச்சேரி. நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்து முடித்த அதே கைகள், டிசம்பர் நெருங்கும்போது கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மைகளில் இறங்கிவிடும். வைக்கோல் கூரை, மாட்டுக் கொட்டில், தீவனத் தொட்டி. குளிர்காலத்தில் குட்டி வீடு கட்டும் பழக்கம் நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. பெயர்தான் வேறு.

அதனால் என் கட்சி இது. ஆன்லைனில் விற்கிறார்களே, புகைபோக்கி வைத்து, இளஞ்சிவப்புச் சுவர் வைத்து ஐரோப்பிய வீட்டு கிட், அதை வாங்காதீர்கள். நான் வாங்கினேன். மாடிப்படியில் மூன்று படி குறைவாக வந்தது. அது போகட்டும், கட்டி முடித்துப் பார்த்தால் அந்த வீட்டோடு எனக்கு ஒரு பேச்சுவார்த்தையும் இல்லை. கணப்பு அடுப்பை நான் எங்கே கண்டேன்? நான் கண்டது சோழவந்தானில் என் அம்மாச்சியின் ஓட்டு வீடு. அதை இடித்து எட்டு வருடம் ஆகிறது. கட்டினால் அதைக் கட்ட வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. பொம்மை வீட்டுக்காரர்கள் உலகம் முழுக்கப் பெரும்பாலும் பயன்படுத்தும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. நிஜத்தில் ஓர் அடி என்றால் பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். மீட்டர் கணக்குப் பார்க்கும் நாட்டுக்காரர்கள் இதற்குக் கால்குலேட்டர் தேட வேண்டும். நமக்கு? நம் ஊர்க் கொத்தனார் இன்றும் "பத்துக்குப் பத்து ரூம்" என்றுதான் சொல்கிறார். அப்படியே அடியை எடுத்துவிட்டு அங்குலத்தைப் போடுங்கள். வேலை முடிந்தது.

ஆனால் நீளம் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் பரப்பு 144இல் ஒரு பங்கு, கொள்ளளவு 1728இல் ஒரு பங்கு. இது மண்டையில் ஏற எனக்கு ஒரு நாள் ஆனது. வாசலில் வந்து இறங்குமே இருபது லிட்டர் தண்ணீர் கேன், அது பொம்மை வீட்டில் 12 மில்லிகூட வராது. இருமல் மருந்து மூடி! ஆயிரம் லிட்டர் மொட்டைமாடித் தொட்டி அரை லிட்டர் பாட்டிலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவே. அறுபது கிலோ ஆள் 35 கிராம்.

எல்லாம் சுருங்கும், தண்ணீர்த் துளி மட்டும் சுருங்காது. குழாயிலிருந்து சொட்டும் துளி எங்கே சொட்டினாலும் அதே அளவுதான். பொம்மை வீட்டுக்குள் அது எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்து விழும். முற்றத்தில் மழை பெய்ய வைக்கலாம் என்று கனவு கண்டவன் நான். கைவிட்டுவிட்டேன்.

ஆனால் ஒருவர் குழாயில் தண்ணீரே வரவைத்தார். எட்வின் லட்யன்ஸ். பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? டெல்லியில் இன்றைக்குக் குடியரசுத் தலைவர் மாளிகையாக இருக்கும் கட்டடத்தை வடிவமைத்தவர். 340 அறை கொண்ட அந்த மாளிகை வேலை ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1921 முதல் 1924 வரை, இங்கிலாந்து ராணி மேரிக்கு ஒரு பொம்மை வீடும் செய்துகொண்டிருந்தார். ஒன்றுக்குப் பன்னிரண்டுதான். வெந்நீர், தண்ணீர் இரண்டும் வரும் குழாய், மின்விளக்கு, ஓடும் லிஃப்ட், ஃப்ளஷ் வேலை செய்யும் கழிப்பறை, குட்டிப் பாட்டில்களில் நிஜ ஒயின். அந்தக் காலத்து எழுத்தாளர்கள் தபால்தலை மாதிரிச் சின்னப் புத்தகங்களில் எழுதிக் கொடுத்தார்கள். இன்றும் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. நம் ஆட்களை வெயிலில் கல் தூக்க வைத்த காலத்தில், அங்கே ஒருவர் மூன்று அங்குல நாற்காலிக்குக் கால் வைத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் கொஞ்சம் எரிச்சலாகவும் வருகிறது. வேலை சுத்தம் என்பதையும் மறுக்க முடியவில்லை.

(மேசை. ஒரு காலிச் செருப்புப் பெட்டி.)

நாம் லட்யன்ஸ் இல்லை. முழு வீட்டில் கை வைக்காதீர்கள். அம்மாச்சி வீடு 24க்கு 40 அடி. அப்படியே செய்தால் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொள்ளும், அம்மா பேசாமல் இருக்க மாட்டார். ஒரு செருப்புப் பெட்டியை எடுங்கள். பக்கவாட்டில் நிறுத்தி அளந்து பாருங்கள். ஏறக்குறைய 12 அங்குல நீளம், 7 உயரம், 5 ஆழம். பன்னிரண்டு அடி நீளம், ஏழடி உயரம், ஐந்தடி ஆழம். என்ன அது? திண்ணை! செருப்புக் கம்பெனிக்காரர்கள் நமக்காக அளவெடுத்துத் திண்ணை செய்து கொடுத்திருக்கிறார்கள்.

ஜன்னல் கம்பிக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி. தூணுக்குப் பூரிக்கட்டை. பென்சில் வேண்டாம், தூண் ஒல்லியாகி நோயாளி மாதிரி நிற்கும். நாட்டு ஓட்டுக்கு ஒரு தந்திரம்: பார்சல் அட்டைப்பெட்டியின் மேல் தாளை லேசாக நனைத்து உரித்தால் உள்ளே வரிவரியான மடிப்பு தெரியும். அதுதான் ஓட்டு வரிசை, காவிப் பொடியில் ஃபெவிகால் கலந்து பூசினால் போதும். சிவப்புத் தரைக்கு மூன்று தடவை பெயின்ட், இடையிடையே உப்புத்தாள், கடைசியில் நிறமில்லாத நெயில் பாலிஷ். அட்டையின் ஒரு பக்கம் பூசினால் மறுபக்கமும் பூசுங்கள், இல்லாவிட்டால் வளைந்துவிடும். சுவர் எப்படிச் செய்வது? அதுதான் பெட்டியிலேயே இருக்கிறதே.

இப்போது சேலை. நான் இந்த வீடியோவே சேலைக்காகத்தான் எடுத்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

திண்ணையில் ஒரு கொடி கட்டி, அதில் அம்மாச்சியின் சுங்குடிச் சேலை காய வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலை என்றால் 18 அடி. ஆக 18 அங்குலம், அகலம் நாலு அங்குலம். எளிது என்று நினைத்து, பத்துத்தூண் பக்கம் ஒரு கடையில் பிட்டுத் துணி வாங்கி வெட்டித் தொங்கவிட்டேன். தொங்கவே இல்லை. கொடியில் போட்ட சேலை இறக்கை விரித்த கழுகு மாதிரி விறைத்து நிற்கிறது. ஏன்? நீள அகலத்தைச் சுருக்கினேன், நூலின் தடிமனைச் சுருக்கவில்லையே. கால் மில்லிமீட்டர் துணியைப் பன்னிரண்டு மடங்காகப் பெருக்கிப் பாருங்கள், மூன்று மில்லிமீட்டர் வருகிறது. அம்மாச்சி சேலை காயவில்லை, கோணிச் சாக்கு காய்ந்துகொண்டிருந்தது.

தீர்வு தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது. முப்பது வருடம் துவைத்துத் துவைத்து, வெளிச்சத்தில் பிடித்தால் கை ரேகை தெரியும் அளவுக்கு நைந்துபோன வேட்டி. அதில் வெட்டி, தண்ணீர் விட்ட ஃபெவிகாலில் நனைத்து, தெர்மாகோல் மேல் மடிப்பு மடிப்பாக வைத்துக் குண்டூசி குத்தி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் சேலை தொங்கியது.

அப்புறம் புள்ளி. மதுரைச் சுங்குடியில் சௌராஷ்டிரப் பெண்கள் ஒவ்வொரு புள்ளியையும் துணியை முடிந்து நூல் சுற்றி, சாயத்தில் முக்கி எடுத்துக் கொண்டுவந்தார்கள். புவிசார் குறியீடு வாங்கிய சேலை. நிஜத்தில் மிளகு அளவுப் புள்ளி, இங்கே குண்டூசி முனை. முடிச்சுப் போட வாய்ப்பே இல்லை. அரக்குச் சாயம் ஏற்றிய துணியில், வெள்ளை பெயின்டைக் குண்டூசி முனையில் தொட்டுத் தொட்டு வைத்தேன். ஒரு முழம் வைப்பதற்குள் நாலு நாள் போனது. எண்ணவில்லை, எண்ணியிருந்தால் அழுதிருப்பேன். கோடு கோணினால் கோணட்டும். கையால் முடிந்த சேலையிலும் புள்ளிகள் அச்சடித்த மாதிரி நிற்பதில்லை, அதுதான் அழகு.

மல்லிகைச் சரம் செய்ய குருணை அரிசி. மொட்டு மாதிரியே இருக்கும், நூலில் ஒட்டினால் அசல் மதுரை மல்லி. நான் மைதாப் பசையில் ஒட்டினேன். மறுநாள் காலை சரம் திண்ணையை விட்டு இறங்கி சுவரோரமாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. கீழே எறும்புகள். எறும்புக்கு மட்டும் அளவு சரியாக இருந்தது: ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கில் கரப்பான் பூச்சி. அதனால் ஃபெவிகாலே போதும். சட்டென்று ஒட்டும் பசையைப் பஞ்சு, துணி பக்கம் கொண்டுபோகாதீர்கள், சூடேறிக் கையைச் சுடும். ஜன்னலுக்கு வைத்த கண்ணாடித் தாளையும் வெள்ளைப் புகையாக மங்கவைத்துவிடும்.

(செருப்புப் பெட்டி, முடிந்த நிலையில்.)

போன வாரம் இதை அம்மாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். சேலையைத் தொட்டார். கண் கலங்கும், கேமராவை ஆன் பண்ணலாம் என்று நான் காத்திருக்கிறேன்.

"ஏன்டா, திண்ணையோரம் கிடந்த அம்மியை எங்கடா?"

மறந்துவிட்டேன், மக்களே. வைகையில் கல் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு அங்குல நீளம், தட்டையாக, கருப்பாக. குழவிக்குச் சீரகச் சம்பா அரிசி சரிவருமா, புளியங்கொட்டை சரிவருமா, கமெண்டில் சண்டை போடுங்கள்.