இட்லிப்பூச் செடியின் மஞ்சள் இலை

அனைவருக்கும் வணக்கம்.

இட்லிப்பூ வளர்ப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இலக்கியம் படித்தவர்கள் வெட்சி என்பார்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, குட்டை ரகம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அதை நாற்றங்கால்காரர்களே நன்றாகச் சொல்வார்கள். இந்தச் செடி வைத்திருப்பவர்கள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒன்றுதான்: "இலை மஞ்சளாகிறதே, என்ன உரம் போடலாம்?" உரத்தைத் தேடி ஓடாதீர்கள் என்பது என் கட்சி.

முதலில் எந்த இலை வெளுக்கிறது என்று குனிந்து பாருங்கள். அடியிலுள்ள முற்றிய இலைகள் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நுனித் தளிர் வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சையாக வலைபோல் தெரிந்தால் அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. தழைச்சத்து போதாதபோது பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுத்துச் சமாளிக்கும் செடி, இரும்பை அப்படி எளிதில் இடம் மாற்றாது. அதனால்தான் அடி இலை பச்சையாக இருக்க, குருத்து மட்டும் வெளிறிப்போகிறது.

மண்ணில் இரும்பு இல்லாமலா? பெரும்பாலும் தாராளமாகவே இருக்கும். மண் காரமாகிவிட்டால் அது கரையாத வடிவத்துக்கு மாறி, வேருக்கு எட்டாமல் போகிறது. இட்லிப்பூ அமில மண்ணை விரும்பும் செடி. கார அமில நிலை (pH) 5 முதல் 6 வரை இருந்தால் செழிக்கும், 7-ஐத் தாண்டினால் திணறும். நாமோ அதைச் சுற்றுச்சுவர் ஓரமாகத்தான் நடுகிறோம். சிமெண்ட் பூச்சிலிருந்து கசியும் சுண்ணாம்பும், கட்டட வேலையில் மண்ணோடு புதைந்த கலவையும் அங்கேதான் இருக்கின்றன. சுண்ணாம்புச்சத்து மிகுந்த கிணற்று நீர் மண்ணின் காரத்தை இன்னும் கூட்டுகிறது. போதாததற்கு, செடி வாடுகிறதே என்று முட்டை ஓட்டுத் தூளையும் அடுப்புச் சாம்பலையும் அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டுமே காரம்!

இரும்புச்சத்துக்காக அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட் உப்பை, அப்படியே வேரில் போட்டாலும் கார மண்ணில் அது சீக்கிரமே கரையாததாகிவிடும். லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் இரும்பைக் கரையும் வடிவிலேயே பிடித்துவைக்கும் கூட்டுப்பொருள் (கீலேட்) வாங்கினால் உறையைப் படியுங்கள். இடிடிஏ (EDTA) வகை மிதமான அமில மண்ணுக்குத்தான் சரிப்படும். கார மண்ணில் தாக்குப்பிடிப்பது இடிடிஎச்ஏ (EDDHA) வகை. இவையெல்லாம் தற்காலிக வைத்தியம். மண்ணை மாற்ற வேண்டுமானால் கந்தகத் தூள் கலக்கலாம். மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்க வேண்டும். அதற்கு வாரங்கள், சில இடங்களில் மாதங்கள் பிடிக்கும். தொட்டிச் செடியானால் கவலையே இல்லை, மக்கு நிறைந்த புது மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

நல்ல வெயில், நீர் தேங்காத இடம், வேர்மேல் இலைச்சருகு மூடாக்கு. இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

கத்தரிப்பதைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். இட்லிப்பூ கொத்து கிளையின் நுனியில்தான் வரும். வேலிச்செடியைச் செங்கல் சுவர் மாதிரி மழமழவென்று வைத்திருக்க ஆசைப்பட்டு, மாதந்தோறும் கத்தரியை ஓட்டினால், மொட்டுக் கட்டும் நுனியைத்தான் வெட்டி எறிகிறீர்கள். பிறகு பூக்கவில்லை என்று செடியைக் குறை சொல்வது என்ன நியாயம்? ஒரு கொத்து முழுவதும் பூத்து உதிர்ந்தபின், அதன் கீழேயுள்ள ஒரு ஜோடி இலைக்கு மேலாக வெட்டுங்கள். அந்த இலைகள் தண்டோடு சேரும் கக்கங்களிலிருந்து இரண்டு கிளைகள் புறப்படும். அடுத்த கொத்துகள் அவற்றின் நுனியில் வரும்.