துளை போடச் சொல்லாத உதிரி

நேயர்களுக்கு வணக்கம். பழைய எலெக்ட்ரிக் கிட்டாருக்கு உதிரி பாகம் தேடுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கிட்டாரைத் தொட்டதே இல்லை என்பவர்களும் கொஞ்சம் இருங்கள். பழைய தையல் மெஷினுக்கு ஒரு சின்னப் பாகம் தேடி அலைந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த கதைதான். “அந்த மாடல் இப்ப வர்றதில்லைங்க, இதப் போட்டுப் பாருங்க” என்று ஏதோ ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். பார்த்தால் அச்சு அசலாக அதேதான். பொருத்தப் போனால் ஒரு மயிரிழை சேராது. கிட்டாரிலும் வம்பெல்லாம் அந்த மயிரிழையில்தான் தொடங்குகிறது.

பல வருடங்களாகப் பழைய கிட்டார்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில், ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பாகம்தான் கிட்டாருக்குப் பொருந்த வேண்டும். பாகத்துக்காகக் கிட்டாரைக் குடையக் கூடாது. தப்பான பாகத்தை மாட்டிவிட்டால் நாளைக்குக் கழற்றிவிடலாம். மரத்தில் போட்ட துளை போட்டதுதான். அடைக்கலாம், பூசலாம், ஆனால் விஷயம் தெரிந்தவர் கையில் எடுத்ததும் அந்த இடத்தைத்தான் முதலில் பார்ப்பார். விலையும் அங்கேயே இறங்கிவிடும். இதை இன்றைக்கு இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பகுதியில் இருக்கும் முறுக்காணிகளை எடுத்துக்கொள்ளுங்கள், தந்தியைச் சுருதி சேர்க்கத் திருப்புகிறோமே, அவை. ஐம்பது அறுபதுகளின் அமெரிக்கக் கிட்டார்களில் பெரும்பாலும் க்ளூசன் என்ற கம்பெனியின் வகைதான் இருக்கும். அதன் முன்பக்கத்து வளையம் உட்காரும் துளை கிட்டத்தட்ட 8.7 மில்லிமீட்டர். இன்றைக்கு விற்கிற மூடிய வகை முறுக்காணி பலவற்றுக்கு 10 மில்லிமீட்டர் துளை வேண்டும். ஒன்றேகால் மில்லிமீட்டர்தானே என்று துளையைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். ஆறு துளைகள், பின்பக்கம் புதுத் திருகாணி ஓட்டைகள் வேறு. அந்தப் பழைய அளவிலேயே முறுக்காணி இன்றும் செய்கிறார்கள், தேடினால் கிடைக்கும். ஏற்கெனவே யாரோ பெரிதாக்கிவிட்ட கிட்டார் உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால் அதற்கும் வழி உண்டு. பெரிய துளைக்குள் உட்கார்ந்து சின்ன அளவுக்குக் கொண்டுவரும் மாற்று வளையங்கள் கிடைக்கின்றன. இன்னொன்று, பல சமயம் கெட்டுப்போவது முறுக்காணியே இல்லை, நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் பிடிதான். சுருங்கி, தொட்டாலே பொடியாக உதிரும். பிடியை மட்டும் மாற்றலாம். பல்சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

அடுத்தது பிரிட்ஜ், கிட்டாரின் உடல் பக்கம் தந்திகள் உட்காரும் உலோகப் பாகம். இதைப் படம் போட்டுக் காட்டினால் ஒரு நிமிட வேலை, வானொலியில் அதற்கு வழியில்லை. அதனால் ஓர் எண்ணை மட்டும் சொல்கிறேன். 1954இல் வந்த ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில், சுருக்கமாக ஸ்ட்ராட், தந்தியை ஆட்டுகிற ட்ரெமலோ பிரிட்ஜ் ஆறு திருகாணிகளில் நிற்கிறது. முதல் திருகாணிக்கும் கடைசித் திருகாணிக்கும் நடுவே சுமார் 56 மில்லிமீட்டர். பின்னால் வந்த பல கிட்டார்களில், முக்கியமாக மலிவு விலையில் செய்த நகல்களில், இதே தூரம் சுமார் 52 மில்லிமீட்டர். புகைப்படத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். “ஸ்ட்ராட் பிரிட்ஜ்” என்று மட்டும் சொல்லி வாங்கினால் எது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், அளவைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு சாதாரண வெர்னியர் காலிப்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் தேடத் தொடங்கவே வேண்டாம்.

அளவு என்றதும் மரைக்கு வருகிறேன். திருகாணியில் சுற்றிச் சுற்றிப் போகுமே, அந்த மரை. என் வீட்டில் இந்தப் பேச்சைத் தொடங்கினால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள், நீங்கள் எழுந்துபோனாலும் எனக்குத் தெரியாது என்பதால் தைரியமாகப் பேசுகிறேன். அமெரிக்கக் கிட்டார் அங்குலக் கணக்கில் பிறந்தது. ஜப்பானிலும் கொரியாவிலும் செய்தவை பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தடிமனில் இருப்பதுதான் ஆபத்து. முதல் இரண்டு சுற்று சமர்த்தாக உள்ளே போகும். மூன்றாவது சுற்றில் இறுகும். “கொஞ்சம் டைட்டா இருக்கு” என்று பலம் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஐம்பது வருட மரை மழுங்கிவிடும். புதுத் திருகாணி சில்லறைக் காசு, அது கெடுத்த பாகம் அப்படி இல்லை. விரலாலேயே திருகிப் பாருங்கள். விரலுக்கு இறங்காத திருகாணிக்கு ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள். குமிழிலும் இதே கதைதான். அமெரிக்க வால்யூம் கண்ட்ரோலின் தண்டில் 24 பல், மில்லிமீட்டர் கணக்கில் வருவதில் 18 பல். மாற்றி அழுத்தினால் பழைய குமிழ் நடுவில் விரிசல் விடும், ‘டக்’ என்று ஒரு சத்தம்தான் கேட்கும்.

வால்யூம் கண்ட்ரோல் என்றதும் என் நண்பர் ஒருவர் ஞாபகம் வருகிறது. 68ஆம் ஆண்டு ஃபெண்டர் என்று சொல்லி ஒன்றை வாங்கினார். குமிழைத் திருப்பினாலே ஸ்பீக்கரில் கரகர சத்தம். “அந்தக் காலத்துப் பாகமாவே ஒண்ணு தேடிக் குடுங்க” என்று வந்து நின்றார். முதலில் கழற்றிப் பார்ப்போம் என்றேன். பிக்கார்டை, அதாவது முன்பக்கத்து மூடித் தகட்டைத் தூக்கியதும் உள்ளே கண்ட்ரோலின் முதுகில் ஏழு இலக்க எண் தெரிந்தது. முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனியைச் சொல்லும். 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. இவருடையதில் 137, அப்புறம் 66. நண்பர் முகம் அப்படியே வாடிவிட்டது. “அப்ப யாரோ மாத்திட்டாங்களா? ஏமாந்துட்டேனா?” என்கிறார்.

ஏமாறவில்லை. 1965 தொடக்கத்தில் ஃபெண்டர் கம்பெனி, சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு அடுத்த வருடம் கண்ட்ரோல்களை மொத்தமாக வாங்கிக் குவித்து, அறுபதுகளின் கடைசி வரை அதையே போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் 67, 68, 69 கிட்டார்களில் 66ஆம் வருடக் கண்ட்ரோல் இருப்பது சகஜம். அந்த எண் பாகம் பிறந்த தேதியைச் சொல்கிறது. அதற்கு முன்னால் அந்தப் பாகம் கிட்டாருக்குள் போயிருக்க முடியாது, அவ்வளவுதான் அதிலிருந்து நிச்சயமாகத் தெரியும். பிறகு எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம். பிறகு யாராவது மாற்றினார்களா என்பதைச் சொல்வது ஈயப்பற்று, கம்பியைப் பற்றவைத்த இடம். நண்பருடையதில் ஈயம் மங்கலாக, ஒரே ஓட்டமாக, மேலே இன்னொரு தடவை சூடு காட்டிய அடையாளமே இல்லாமல் இருந்தது. துணி உறை போட்ட கம்பியில் கருகல் இல்லை. யாரும் கை வைக்கவே இல்லை என்றேன். அப்புறம் காண்டாக்ட் கிளீனரை உள்ளே பீய்ச்சி, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பி விட்டேன். கரகரப்பு போய்விட்டது. தேட வேண்டிய பாகமே இல்லாமல் போனது. நண்பருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட, தேடும் சுகம் போயிற்றே என்று.

ஆகவே தேடுவதற்கு முன், நிஜமாகவே செத்துவிட்டதா என்று பாருங்கள்.

செத்தே விட்டது, கம்பெனியும் மூடியாயிற்று என்றால்? ஜப்பானின் டெய்ஸ்கோவை எடுத்துக்கொள்வோம். 1967இல் கவாய் கம்பெனி அதை வாங்கியது. டெய்ஸ்கோ செய்த கிட்டார்கள் அமெரிக்காவில் சில்வர்டோன் போன்ற வேறு பெயர்களிலும் விற்றன. அதனால் டெய்ஸ்கோ என்று மட்டும் தேடினால் பாதிச் சந்தை உங்கள் கண்ணில் படாது. அதே தொழிற்சாலையில் பிறந்து வேறு பெயரோடு போனவற்றைத் தேடுங்கள். கழுத்து முறிந்து, வாசிக்க லாயக்கில்லாமல் விலைக்கு வருகிற ஒரு கிட்டார்தான் பல சமயம் நல்ல உதிரிக் கிடங்கு. அதில் திருகாணி முதல் முலாம் வரை எல்லாம் அதே காலத்தது. புது குரோம் நீலமாகப் பளபளக்கும், பழைய நிக்கல் லேசாக மஞ்சள் ஓடியிருக்கும். ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைத்தால் கண்ணை உறுத்தும். பழசு போலக் காட்டுவதற்காகவே அமிலத்தில் தோய்த்துத் துருவேற்றி விற்கிறார்கள். அதுவும் தப்பில்லை, அப்படிச் சொல்லி விற்றால்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம் இருக்கிறதே, பிக்கப், அதற்குத்தான் அதிக நேரம் வைத்திருந்தேன், எல்லாம் மரையிலேயே போய்விட்டது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒலி வராத பிக்கப்பைத் தூக்கிப் போடாதீர்கள். மல்டிமீட்டரில் ஓம் அளவு பாருங்கள். பழைய ஸ்ட்ராட் பிக்கப் சுமார் 6 கிலோ ஓம் காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே தலைமுடியை விட மெல்லிய கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அதைப் பிரித்து மறுபடி சுற்றித் தர ஆட்கள் இருக்கிறார்கள், காந்தமும் அட்டையும் பழையதாகவே இருக்கும். முக்கியமாக, இந்த வகைப் பிக்கப்பில் காந்தத்தின் மேலேயே கம்பி சுற்றியிருக்கிறது. காந்தத்தைக் கீழே அழுத்தினால் நல்ல பிக்கப்பும் அறுந்துவிடும், அழுத்தாதீர்கள். சுற்றக் கொடுக்கும்போது, பழைய கம்பி எந்தத் திசையில் சுற்றியிருந்தது, பூச்சு என்ன நிறம் என்று பிரிப்பதற்கு முன்பே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.