பாட்டு முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அமைதி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையில் இருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

"யூரோவிஷன் ரசிகரை ஆண்டுதோறும் கட்டிப்போடுவது பாட்டா, புள்ளிப் பலகையா?" இதுதான் தலைப்பு. யூரோவிஷன் என்பது, நாடுகள் பாட்டோடு வந்து மோதி, ஒன்றுக்கொன்று புள்ளி போடும் ஐரோப்பாவின் ஆண்டுப் பாட்டுப் போட்டி. பாட்டே என்று பேசிய எதிரணித் தலைவர் 1958-க்குப் போனார். இத்தாலியின் டொமெனிகோ மொடுன்யோ பாடிய பாட்டுக்கு அன்று மூன்றாம் இடம்தான், ஆனால் உலகம் இன்றைக்கும் அதைத்தானே பாடுகிறது, புள்ளி எங்கே போயிற்று என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் ஐயா, அந்தக் கதையைச் சொல்ல அவருக்கே 'மூன்றாம் இடம்' தேவைப்பட்டதே! அதை எடுத்துவிட்டால் அது ஒரு நல்ல இத்தாலியப் பாட்டு, அவ்வளவுதான். யூரோவிஷன் கதை ஆகாது.

நான் சுவிஸுக்கு வந்தது 1990-இல். மே மாதத்தில் போட்டி நடக்கும் அந்தச் சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள். மேசையில் சதுரக் கோடு போட்ட ஒரு கொப்பி இருக்கும். இடது பக்கம் நாடுகளின் பெயர், மேலே வீட்டில் இருப்பவர்களின் பெயர். பாட்டு நடக்கும்போது எங்களுக்கு ஆயிரம் வேலை. ஒருவர் ரோல்ஸ் பொரிப்பார், பிள்ளைகள் உடுப்பைப் பற்றிக் கதைப்பார்கள், யாராவது தொலைபேசியில் இருப்பார்கள். பாட்டெல்லாம் முடிந்து, புள்ளி கேட்க முதல் தலைநகரை அழைத்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் வந்து உட்காருவோம். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தம் இருக்காது. ஒரு நாடு போடும் புள்ளிகள் 1-இலிருந்து 8 வரை, அப்புறம் 10, அப்புறம் 12. 9 இல்லை, 11 இல்லை. 1975-இலிருந்து இதுதான் கணக்கு. 12 யாருக்கு என்று சொல்வதற்கு முன் அறிவிப்பாளர் ஒரு மூச்சு விடுவாரே, அந்த மூச்சுக்காகத்தான் நான் வருடம் முழுவதும் காத்திருக்கிறேன்.

பாட்டுதான் எல்லாம் என்றால் 2020-ஐ நினைத்துப் பாருங்கள். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் நடக்கவிருந்த போட்டி கொரோனாவால் ரத்தானது. 41 நாடுகளின் பாட்டும் தயாராக இருந்தது. அந்த 41-ஐயும் வைத்து, போட்டி நடக்கவேண்டிய மே 16 அன்றே ஒரு நிகழ்ச்சியும் ஒளிபரப்பினார்கள். அழகாகத்தான் இருந்தது, குறை சொல்லமாட்டேன். வாக்கு மட்டும்தான் இல்லை. கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மகள் பத்தாவது பாட்டுக்குள் அதை மூடிவிட்டாள். எதிரணி கேட்கும் யூரோவிஷன் அதுதான். பாட்டு இருந்தது, பலகை இல்லை. அன்றிரவு எங்களுக்கு ஏதாவது நிறைந்ததா?

தொடக்கத்திலும் இப்படித்தான் இருந்தது. 1956-இல் நம் லுகானோவில் நடந்த முதல் போட்டியில் 7 நாடுகள் ஆளுக்கு 2 பாட்டுடன் வந்தன. வாக்கெடுப்பு இரகசியம். சுவிஸின் லிஸ் அசியா வென்றார் என்று மட்டும் அறிவித்தார்கள். இரண்டாவது யார், கடைசி யார் என்பது வெளியிடப்படவே இல்லை. மறு ஆண்டே பிராங்ஃபர்ட்டில் பலகையை மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பாட்டு மட்டும் போதாது என்று போட்டியை நடத்தியவர்களுக்கே ஓர் ஆண்டில் தெரிந்துவிட்டது.

"புள்ளியெல்லாம் அக்கம்பக்கத்துப் பாசம்" என்றார் அடுத்து பேசிய தங்கை. கிரீஸ் சைப்பிரசுக்குப் போடும், சைப்பிரஸ் கிரீஸுக்குப் போடும் என்றார். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு விதியைக் கவனியுங்கள். தான் இருக்கும் நாட்டுக்கு யாரும் வாக்களிக்க முடியாது. அப்படியென்றால் சொந்த நாட்டுக்கு வாக்களிக்கக்கூடியவர் யார்? அதை விட்டு வெளியே வந்தவர் மட்டும்தான்! 1997-இல் தொலைபேசி வாக்கை ஐந்து நாடுகளில் முதலில் சோதித்துப் பார்த்தார்கள், சுவிஸும் அதில் ஒன்று. அதற்குப் பிறகு ஜேர்மனியிலிருந்து துருக்கிக்கு 12 புள்ளி போனது ஒருமுறை இரண்டுமுறை அல்ல. அதை மோசடி என்று சிலர் முகம் சுளித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜேர்மனிக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்து அங்கேயே முதுமையடைந்த ஒரு துருக்கியர், தன் ஊருக்காக ஓர் எண்ணை அழுத்துகிறார். இந்தச் சபைக்கு அதை விளக்கவா வேண்டும்?

சரி, பூச்சியத்துக்கு வருகிறேன். 1978-இல் நோர்வேயின் யான் டைகனுக்கு ஒரு புள்ளிகூட விழவில்லை. ஊருக்குப் போனால் அந்தப் பாட்டு அங்கே பெரிய வெற்றி, அவர் நாயகன்! பிறகு இரண்டு முறை நோர்வே அவரையே அனுப்பியது. 2021-இல் பிரிட்டனின் ஜேம்ஸ் நியூமனுக்கு நடுவர்களிடம் பூச்சியம், மக்களிடமும் பூச்சியம். அவர் எழுந்து கையை உயர்த்தினார், ரோட்டர்டாம் அரங்கமே அவருக்காக ஆர்ப்பரித்தது. அவர் பாடியபோது கிடைக்காத அன்பு, பலகை 0 காட்டியபோது கிடைத்தது. 1998-இல் நம் சுவிஸுக்கும் 0தான். அதே சுவிஸ் 1988-இல் செலின் டியோனை வைத்து 137-க்கு 136 என்று ஒரேயொரு புள்ளியில் வென்றிருந்தது. அந்த ஒரு புள்ளிக்கும் 2024-இல் சுவிஸின் நேமோ வென்றபோது வாங்கிய 591-க்கும் நடுவே 36 ஆண்டுகள். அந்த இரவு நான் அழுதது பாட்டுக்காக மட்டும் அல்ல, ஐயா.

கடைசியாக ஒன்று. 1993, மே 15. அயர்லாந்தில் ஏறத்தாழ 1,500 பேர் வாழும் மில்ஸ்ட்ரீட் என்ற சிற்றூர், குதிரைப் போட்டி நடக்கும் அரங்கம். போரில் முற்றுகைக்குள் இருந்த பொஸ்னியத் தலைநகர் சரயேவோவிலிருந்து, குறிபார்த்துச் சுடுவோருக்கு நடுவே விமான ஓடுதளத்தை ஓடிக் கடந்து வந்த பொஸ்னியக் குழு பாடியது. பாட்டு வந்தது, போனது. அகதி விடுதியின் பொது அறையில் ஆறேழு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் எல்லோருக்கும் வீடு யாழ்ப்பாணத்தில். அங்கே அப்போது மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. அம்மாவின் குரலைக் கேட்க வேண்டுமானால், அவர் கிளாலிக் கடனீரேரியைப் படகில் தாண்டி, வவுனியா வழியாகக் கொழும்புக்கு வர வேண்டும்.

புள்ளி கேட்கும் நேரம் வந்தது. அறிவிப்பாளர்களின் முகம் திரையில் தெரியத் தொடங்கியது அடுத்த ஆண்டிலிருந்துதான். அன்று வெறும் தொலைபேசிக் குரல். பொஸ்னியாவை அழைத்தார்கள். கரகரவென்ற இரைச்சலுக்குள் எங்கோ தூரத்திலிருந்து ஒரு குரல், "ஹலோ மில்ஸ்ட்ரீட், சரயேவோ பேசுகிறது" என்றது. அரங்கம் முழுவதும் கைதட்டியது. எங்கள் அறையில் ஒருவரும் தட்டவில்லை. பக்கத்தில் இருந்த அண்ணன் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார்.

அந்தக் குரல் பாட வரவில்லை, நடுவர் அவர்களே. புள்ளி சொல்ல வந்தது. அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக, விடுதியில் தந்த ஏதோ ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் நாடுகளின் பெயர்களை எழுதி, எண்களைக் குறித்தேன். அந்தத் தாள் இன்னும் எங்கள் கொப்பிக்குள் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.