பூக்கள் தீர்ந்த நொடி

அவைக்கு வணக்கம்.

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பார்கள். உள்ளே இருக்கும் உணர்வை முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பொருளில் சொன்னது. சினிமாக்காரர்கள் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். கன்னத்தில் ஒரு தழும்பு ஒட்டினால் வில்லன் தயார், வசனம் எழுதும் வேலை மிச்சம்! வில்லனுக்கு முகத்தழும்பு வைக்கும் படங்களுக்கு இனி நிதி இல்லை என்று பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2018-இல் அறிவிக்க வேண்டிவந்தது என்றால், வழக்கம் எவ்வளவு ஊறியிருந்தது பாருங்கள்.

வில்லன்களை விடுவோம். பரிவோடு எடுத்த படங்கள் என்ன ஆயின?

1931-இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் ஏரிக்கரையில் ஒரு சிறுமி. ஒரு விஞ்ஞானி பிணங்களிலிருந்து உருவாக்கிய பெரிய உருவம் ஒன்று எதிரே வருகிறது. அதைப் பார்த்து அவளுக்குப் பயமே இல்லை. கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் வீசுகிறார்கள், பூ மிதக்கிறது. அவன் சிரிக்கிறான். பூக்கள் தீர்ந்துபோகின்றன. இவளும் மிதப்பாள் என்று நினைத்துச் சிறுமியைத் தூக்கிப் போட்டுவிடுகிறான். மிதக்கவில்லை. பதறிப்போகிறான்.

கொடூரம் என்று தணிக்கையில் இதை வெட்டினார்கள். எந்த இடத்தில் தெரியுமா? அவன் அவளை நோக்கிக் கை நீட்டும் இடத்தில். அடுத்து நாம் பார்ப்பது, மகளின் உடலைத் தகப்பன் சுமந்து வருவதை. நடுவில் என்ன நடந்திருக்கும்? அதை அவரவர் மனம் நிரப்பிக்கொண்டது, எடுக்கப்பட்டதைவிட மோசமாகவே. அந்தத் துண்டு பல பத்தாண்டுகள் கழித்துத்தான் படத்தில் திரும்பச் சேர்ந்தது. நடிகர் போரிஸ் கார்லாஃபை அரக்கனாக்க ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் மணிக்கணக்கில் போட்ட ஒப்பனை பாதி வேலையைத்தான் செய்தது. மீதியைக் கத்தரிக்கோல் செய்தது.

மறு ஆண்டே டாட் பிரவுனிங் 'ஃப்ரீக்ஸ்' எடுத்தார். வேடிக்கைக் கூடாரங்களில் தங்கள் வித்தியாசமான உடலைக் காட்டிப் பிழைத்தவர்களையே அவர்களுடைய சொந்த உடலோடு நடிக்கவைத்தார். பிரிட்டனில் சுமார் 30 ஆண்டுகள் தடை. ஒப்பனை முகம் என்றால் உட்கார்ந்து பார்ப்போம், நிஜ முகம் என்றால் எழுந்து போய்விடுவோம் போலிருக்கிறது.

1980-இல் டேவிட் லிஞ்சின் 'தி எலிஃபன்ட் மேன்'. உருக்குலைந்த முகத்தோடும் உடலோடும் நிஜமாகவே வாழ்ந்த ஜோசப் மெரிக்கின் கதை. மெரிக்கின் முகத்தை லிஞ்ச் உடனே காட்டுவதில்லை. அதைப் பார்க்கும் மருத்துவரின் கண்ணில் வழியும் நீரைத்தான் முதலில் காட்டுகிறார். அழகான தீர்மானம். ஆனால் அந்த முகத்தை நாம் நன்றாகப் பார்க்கும்போது ஒரு தாதி அலறுகிறார். நம் முதல் பார்வையும் அவருடையதாகிவிடுகிறது. இது எனக்கு இன்றும் உறுத்தல்தான். மெரிக்கின் உடலிலிருந்து எடுத்த அச்சுகளைப் பார்த்து உருவாக்கிய ஒப்பனை அது. மெரிக்காக நடித்த ஜான் ஹர்ட் அதைப் போட்டுக்கொள்ள ஒவ்வொரு முறையும் ஏழு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். ஆஸ்கரில் அதற்குப் பரிசில்லையா என்று எழுந்த முணுமுணுப்பில், மறு ஆண்டு ஒப்பனைக்கென்றே தனிப் பிரிவு வந்தது. அந்த முகத்தை அணிந்தவருக்கு இத்தனை மரியாதை. அதோடு வாழ்ந்தவருக்கு?

2024-இல் 'எ டிஃபரன்ட் மேன்' வந்தது. முகத்தில் கட்டிகளோடு வாழும் ஒருவர் சிகிச்சையால் 'அழகன்' ஆகிறார். அந்த வேடத்துக்கு ஒப்பனை உண்டு. பிறகு இன்னொருவர் வருகிறார், ஆடம் பியர்சன், தன் சொந்த முகத்தோடு. சிரிக்கிறார், பாடுகிறார், எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போகிறது. முகம் மாறியவர் ஓரமாக நின்று, பொறாமையோடு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.