மன்னிப்பு முதல் படி அல்ல

(களியக்காவிளை, பாறசாலை வட்டாரச் சபை ஊழியர்களுக்கு ஆற்றிய உரை)

அன்பானவர்களே,

சிறுவயதில் சொந்த வீட்டிலேயே சீரழிக்கப்பட்ட ஒருவர் நாற்பது வயதில் வாய் திறந்தால், நம் சபையில் அவருக்குக் கிடைக்கும் முதல் பதில் என்ன? "மன்னிச்சு விட்டிருங்க." 2 சாமுவேல் 13-இல் தாவீது ராஜாவின் மகன் அம்னோன், வேறு தாய்க்குப் பிறந்த தன் தங்கை தாமாரைக் கெடுத்தபின், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் அவளிடம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: "நீ மவுனமாயிரு." தாவீதுக்கு வெகு கோபம் வந்தது, மகனை ஒன்றும் செய்யவில்லை. வேதம் ஒளிக்காமல் எழுதியதை நாம் பிரசங்கத்தில் தொடுவதே இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு. கெடுத்தவர் இன்னும் வீட்டுக்கு வந்துபோகிறாரா, போன் செய்கிறாரா என்று கேளுங்கள். அடுத்தது தூக்கமும் சாப்பாடும். இந்தக் கட்டத்தில் முழுராத்திரி ஜெபமும் உபவாசமும் வேண்டாம். தூக்கம் கெட்டால் கொடுங்கனவும் பதற்றமும் கூடும். மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்பது இதைவிடக் கேடு.

ஆராதனை நடுவே ஒருவருக்குக் கை நடுங்கும், பார்வை ஒரே இடத்தில் நிலைக்கும், கூப்பிட்டாலும் கேட்காது. பழைய சம்பவம் இப்போதே நடப்பதாக உடம்பு நம்புகிறது. பிசாசு என்று நினைத்துத் தலையை அழுத்திப் பிடித்தால், அன்று பிடித்த கையே திரும்ப வந்தது போலாகிவிடும். தொடாதீர்கள். ஓர் எட்டுத் தள்ளி, கண்ணில் படும்படி நில்லுங்கள். அவர் பெயர், இந்த இடம், இன்றைய கிழமை, இவற்றை மெதுவாகச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு தொட்டுணரும் நான்கு, காதில் விழும் மூன்று. நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடட்டும். கண்ணை மூடச் சொல்லவே கூடாது. மூடினால் அந்தக் காட்சிதான் தெரியும். வலிப்போ என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தகப்பனே கெடுத்திருந்தால் 'பிதாவே' என்ற சொல் தொண்டையில் நிற்கும். வற்புறுத்தாதீர்கள். மேய்ப்பர், கன்மலை என்றும் சங்கீதங்கள் கூப்பிடுகின்றனவே. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது; அதை அப்படியே ஜெபிக்கட்டும், கடைசியில் ஒரு ஸ்தோத்திரம் ஒட்டவைக்காதீர்கள்.

ஜெபம் சிகிச்சைக்கு மாற்று ஆகாது. அதிர்ச்சிக் காயத்துக்கான சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் சீராக்கும் பேச்சுச் சிகிச்சை), இ.எம்.டி.ஆர். (கண்ணசைவோடு பழைய நினைவை ஆற்றும் சிகிச்சை) என்ற இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே பரிந்துரைத்திருக்கிறது. நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ சிகிச்சைக்குப் போகுமுன், அங்குள்ள ஆலோசகருக்கு இவற்றில் பயிற்சி உண்டா என்று விசாரியுங்கள். முதல் நாளே நடந்ததையெல்லாம் தோண்டிக் கேட்பவர் சரிப்படமாட்டார். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416, இலவசம். விசுவாசத்தின் பேரில் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஊழியரைச் சபையே கண்டிக்க வேண்டும்.

மன்னிப்புக்கு வருவோம். லூக்கா 17:3-இன் வரிசையைக் கவனியுங்கள்: கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி. பழிவாங்கும் எண்ணத்தை விடுவது ஒருவரின் உள்ளத்து வேலை. உறவு சேர்வதற்குக் குற்றவாளி மாறியிருக்க வேண்டும். இரண்டையும் குழப்புவதால்தான் கிறிஸ்துமஸ் பந்தியில் கெடுத்தவர் பக்கத்திலேயே பாதிக்கப்பட்டவரை உட்காரவைக்கிறோம்.

அந்த ஆள் இன்றும் ஞாயிறு பள்ளியிலோ வீட்டிலோ பிள்ளைகளோடு பழகினால் விஷயம் வேறு. பிள்ளைகளுக்கு ஆபத்து என்று தெரிந்தவர் எவராயினும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. போதகருக்கும் அச்சன் என்னும் பாதிரியாருக்கும் அதில் விலக்கு எழுதப்படவில்லை. சம்பவம் கேரளத்துப் பாறசாலையில், புகார் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் என்றாலும் திருப்பி அனுப்ப முடியாது, எல்லை பார்க்காமல் பதியும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அந்த ஸ்டேஷனுக்கு மாற்றுவார்கள். இதற்குக் கமிட்டித் தீர்மானம் எதுவும் தேவையில்லை.